எட்டாம் எண்ணைக் காலியாக விட்டேன்

எட்டு வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னபோது நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, தாளில் எட்டாம் கட்டத்தை அடித்துவிட்டு, அது எப்போதும் காலியாகவே கிடக்கும் என்று வாக்கு வேறு கொடுத்தேன். யாரும் கேட்காத வாக்கை வலியப் போய்க் கொடுப்பதில் எனக்கு ஈடு நானேதான்.

அண்ணாச்சி என்பவர் எங்கள் முதலாளி. அவர் செய்ததையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், எழுத உட்கார்ந்தால் கை அண்ணாச்சி என்றுதான் எழுதுகிறது. பழக்கதோஷம். தென்காசியில் அவருக்குத் தலைமை அலுவலகமும் அதை ஒட்டியே சிப்ஸ் போடும் கூடமும் இருந்தன. குற்றாலத்தில் மெயினருவி போகிற வழியில் ஒரு கடை, ஐந்தருவியில் ஒன்று, செங்கோட்டையில் ஒன்று. நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, மிளகு, ஏலக்காய், அருவிக்குப் போகிறவர்கள் தேய்த்துக்கொள்ளத் தைலம். அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சென்னையில் பெரிய கம்பெனியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தவள் நான். சிப்ஸ் கூடத்துப் பெண்களுக்கு நான் 'கம்ப்யூட்டர் அக்கா'. கரண்ட் போனாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

நான் சேர்ந்த வருடத்துச் சாரல் சீசனில்தான் கூத்து நடந்தது. எனக்கு முன்பு இருந்தவர் நாலு இடங்களையும் ஒரே நெட்வொர்க்காகப் பிணைத்து, கைக்கு வந்த எண்ணை எல்லாம் இயந்திரங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தார். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். பில் போடும் மெஷின், சீட்டு அடிக்கும் தராசு, விரல் வைத்து வருகை பதியும் பெட்டி, காமெரா, எல்லாவற்றுக்கும். ஒரே முகவரியில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் பாடு திண்டாட்டம். அன்றைக்கு மெயினருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. குளிக்க முடியாத கூட்டம் முழுக்கக் கடைகளுக்குள் திரும்பியது. ஐந்தருவிக் கடைக்காரர்கள் என்னைக் கேட்காமலே மூன்று தராசுகளை எடுத்து மாட்டிவிட்டார்கள். அங்கே அடிக்க வேண்டிய சீட்டு செங்கோட்டையில் அடித்தது, செங்கோட்டைச் சீட்டு தென்காசியில் அடித்தது. அந்த அவசரத்தில், 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற தைலச் சீட்டை ஒட்டிய முறுக்குப் பொட்டலங்களை ஜனங்கள் வாங்கிப் போனார்கள். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பூசிப் பார்த்தார்களோ என்னவோ.

அண்ணாச்சி கோபப்படவில்லை. மறுநாள் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டு, இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகத் திட்டம் போட வேண்டும் என்றேன். போடு என்றார்.

சப்நெட் பிரிப்பது என்றால் என்ன என்று அவருக்கு வளவை வைத்துத்தான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருந்தால் அதை வளவு என்போம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வளவு. வளவுக்குள் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் நேரே பேசிக்கொள்ளலாம். அடுத்த வளவோடு பேச வேண்டுமென்றால் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வாசலில் நான் நிற்பேன். வளவில் எத்தனை கதவு வைப்பது என்பதுதான் கணக்கு. முதல் எண் வளவுக்கே உரியது, கடைசி எண் எல்லோரையும் ஒரே குரலில் கூப்பிடுவதற்கு. இரண்டிலும் குடிவைக்க முடியாது. செங்கோட்டைக்கு அறுபத்திரண்டு கதவு ஏராளம். குற்றாலத்துக்கு அப்படி இல்லை. மாசியில் போனால் மெயினருவிக் கடையில் இரண்டு மெஷின் தூங்கும். ஆனியில் போனால் மெஷின், தராசு, காமெரா என்று எழுபது வைத்தாலும் போதாது. ஆகவே குற்றாலத்துக்கு முழு வளவு, இருநூற்று ஐம்பத்து நாலு கதவு. பத்து மாதம் பூட்டிக் கிடக்கட்டும், சீசனுக்குத் திறந்துகொள்ளலாம்.

ஆனால் இருக்கிற கடைகளுக்கு மட்டும் பிரித்தால் அது திட்டமே இல்லை. வரப்போகிற கடைகளுக்கும் இப்போதே இடம் விட வேண்டும். பிறகு நடுவில் நுழைத்தால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்கும். அதனால் எந்தெந்த ஊரில் கடை வரப்போகிறது என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் மனதில் இருப்பதை அவர் வீட்டு அம்மாவுக்கே சொல்லமாட்டார் என்று பேர் வாங்கியவர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு ஊராகச் சொன்னார். பாவூர்சத்திரம், கடையநல்லூர், சுரண்டை. நான் எண் போட்டுக்கொண்டே வந்தேன். தலைமை அலுவலகம் ஒன்று. சுரண்டை ஏழு. அடுத்ததை எழுதப் போகும்போதுதான், எட்டு வேண்டாம் என்றார்.

அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் கார் எண்ணைக் கூட்டினால் எட்டு வராது. எட்டாம் தேதி எந்தக் காரியமும் தொடங்கமாட்டார். மெயினருவிக் கடையில் டோக்கன்கூட ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவும். எட்டு சனியின் எண், வம்பு எதற்கு என்று நானும் தாவினேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து, திட்டத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று மறுபடி கேட்டார்.

"எட்டுல யாரையும் வைக்கலல்லா?"

"இல்ல அண்ணாச்சி. நான்கூட அங்கன போகமாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டே போனார். பாவம், எவ்வளவு பயம் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்தது. படித்தவள் என்று பார்க்காமல், தன் பயத்தையும் தன் ஆசைகளையும் என்னிடம் சொல்கிறாரே என்று.

இனி என் கூட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் சிநேகிதியை அப்படித்தான் சொல்வோம். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஊர் சுரண்டை. நான் அவளைச் சுரண்டை என்றே கூப்பிடுவேன், அவள் என்னை ராயகிரி என்பாள். என் பிறந்த ஊர் அது. மதியம் இரண்டு பேரும் ஸ்டோர்ஸ் அறையில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். தலைக்கு மேலே கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று இருந்தது. புகை வந்தால் மணி அடிப்பது என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து மாட்டிவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார். பக்கத்துக் கூடத்தில் நாள் முழுக்க எண்ணெய் கொதித்து, புகை எங்கள் சோற்றில் வந்து விழும். அது ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. "செவுட்டு மணி" என்று அவள் அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். சுரண்டையில் கடை வர வேண்டும், அதில் அவள் பொறுப்பாக உட்கார வேண்டும். அம்மா படுத்த படுக்கை. காலையில் எல்லாம் செய்துவைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸை விட்டால் அம்மா ஈரத்திலேயே கிடக்க வேண்டும். சுரண்டையில் கடை போட்டால் உனக்குத்தான் என்று அண்ணாச்சி எப்போதோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை அவள் பூட்டி வைத்திருந்தாள். சுவரில் திட்டத் தாளை ஒட்டிய அன்று ஓடிவந்து எங்கள் ஊர் எங்கே என்று தேடினாள். ஏழாம் எண்ணைத் தொட்டுக் காட்டினேன். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்தே நடப்போம். அவளுடைய பஸ் திரும்பி மறையும்வரை நான் நிற்பேன். நான் ஒருதரம் அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, அம்மாவை விட்டுவிட்டு வந்து, சுரண்டை பஸ் ஸ்டாண்டில் அவளும் அப்படியே நின்றாள். ஏற்றிவிடாமல் போகக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

என் வேலையை அவள் வேடிக்கை பார்ப்பாள். கடையிலிருந்து மெஷின் ஓடவில்லை என்று போன் வந்தால், நான் முதலில் இங்கிருந்து அதன் முகவரியைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். உயிரோடு இருந்தால் பதில் சொல்லும். ஒருமுறை பேசாவிட்டால் இன்னொரு முறை, அதற்கும் பேசாவிட்டால் மூன்றாவது முறை. மூன்று முறை கூப்பிடாமல், வயரைச் சோதிக்காமல், எந்த மெஷினையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். கடைக்காரர்களிடம் இதை ஒரு மந்திரமாகவே ஓதி வைத்திருந்தேன். மெஷினுக்குக் காட்டுகிற பொறுமையில் கால்வாசியை உன் மாமியாருக்குக் காட்டினால் வீடு கோயில் ஆகிவிடும் என்பாள் அவள்.

அடுத்த சாரலுக்கு முன்பு எனக்கு வெளியே ஒரு வேலை அமையும்போல இருந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கலாம். போனிலேயே இரண்டு சுற்று பேசி முடித்திருந்தார்கள். இதை என் கணவரைத் தவிர நான் சொன்னது அவளிடம் மட்டும்தான், அந்த பெஞ்சில் வைத்து. அண்ணாச்சியை விட்டுப் போக மனது வருமா என்று கேட்டாள். நான் அன்றைக்கு வாய்க்கொழுப்போடு ஒன்று சொன்னேன்.

"அண்ணாச்சி நல்லவருதாம்ட்டி. ஆனா நம்மளத் தொட்டில வச்ச முருங்கயாட்டுல்லா வச்சிருக்காரு. காய்க்கவும் விடமாட்டாரு, காயவும் விடமாட்டாரு."

சோறு புரையேறும்வரை சிரித்தாள்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஃபேனைப் போட்டார். குரலில் துளி கோபம் இல்லை. தொட்டியில் வைத்த முருங்கையை யாரோ கோயம்புத்தூருக்குப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்களாமே என்று கேட்டார். சுற்றி வளைத்து வந்த செய்தி என்றால் கோயம்புத்தூர் மட்டும் வந்திருக்கும். முருங்கையும் சேர்ந்து வந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கை அமர்த்தினார்.

"போறதுன்னா போம்மா, தடுக்கல. இருந்தா சந்தோசம். ஆனா ஒண்ணு. பக்கத்துல இருக்கவங்ககிட்ட பாத்துப் பேசு."

அந்த ஒரு வாக்கியம். அதை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை, அந்த பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தது ஒரே ஒருத்திதான்.

நேரே ஸ்டோர்ஸுக்குப் போனேன். அவள் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏன் சொன்னாய் என்று கேட்டேன். என்ன சொன்னேன் என்றாள். நடிக்காதே என்றேன். விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. அதைக் குற்றத்தின் வெளுப்பு என்று எடுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டவள் முகமும், கூட்டுக்காரியே தன்னை நம்பவில்லை என்று அறிந்தவள் முகமும் ஒரே மாதிரிதான் வெளுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நான் சொல்லலட்டி. எங்கம்ம மேல சத்தியமா சொல்லல."

சத்தியம் செய்கிறவர்களை நம்பக் கூடாது என்று எங்கேயோ கேட்ட ஞானத்தைப் பேசிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து என் இடத்திலேயே சாப்பிட்டேன். சாயங்காலம் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன். கோயம்புத்தூர் வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பெருந்தன்மையாக மன்னித்தவரை விட்டுப் போவதாவது. துரோகம் செய்தவளோடு தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டியிருக்கிறதே என்று வீட்டில் அழுதுகூட இருக்கிறேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சாரல் முடிகிற சமயத்தில் சுரண்டைக் கடைக்கு இடம் பார்த்துவிட்டார்கள். ஏழாம் வளவை எழுப்பும் வேலை எனக்கு வந்தது. கடையின் பில்லும் சரக்கும் கம்ப்யூட்டரில்தான் ஓடும், பொறுப்பில் இருப்பவருக்கு அது கைவர வேண்டும், ஸ்டோர்ஸ் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று அண்ணாச்சி என் கருத்தைக் கேட்டார். அவளுக்குச் சரிப்படும். என்னை விட்டால் அந்தக் கம்பெனியில் அதை நன்றாக அறிந்தவள் அவள்தான், நானே பெஞ்சில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"வேலையெல்லாம் தெரியும் அண்ணாச்சி. வாய்தான் தாங்காது. ஒரு விசயம் அவட்ட நிக்காது," என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். சுரண்டைக் கடைக்குப் பாவூர்சத்திரத்து ஆள் ஒருவர் வந்தார். அந்த வாரம் இரண்டு முறை அவள் என் மேசை வரை வந்து நின்றாள், நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாரக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டோர்ஸ் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நியாயம் நடந்துவிட்டது என்ற திருப்தியோடு அன்று மதியம் நான் சாப்பிட்டேன்.

ஒரு வருடம் போனது. கம்பெனி இன்னும் பெருத்தது. தலைமை அலுவலகத்தின் ஒரே வளவில் பில், தராசு, காமெரா எல்லாம் நெரிந்தன. அதை மூன்றாக வகுக்க வேண்டியிருந்தது. அதற்கு, வயர்களையெல்லாம் கூட்டிச் சேர்க்கும் பழைய ஸ்விட்ச் பெட்டிகள் உதவாது, அவை வாயில்லாப் பூச்சிகள். புதிதாக வாங்கிய பெட்டி, தன் ஒவ்வொரு துளையின் வழியாகவும் யார் யார் பேசுகிறார்கள் என்று பட்டியல் காட்டும். ஒரு காலை வேளையில் அதை மாட்டி, என் பதிவு நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தேன். காமெராக்காரர் தன் வயர்களைத் தனி டப்பாவில் சேர்த்து, ஒரே வயராக எனக்குக் கொடுத்திருந்தார். அந்தத் துளையில் வாசல் காமெராக்கள் நான்கும், அவற்றின் படத்தைச் சேமிக்கும் பெட்டியும், மொத்தம் ஐந்து இருக்க வேண்டும். பத்து இருந்தன.

என் வளவுகள் முழுவதையும் அலசினேன். அந்த ஐந்தும் எதிலும் இல்லை. எங்கேயும் குடியில்லாதவர்கள் என் வயரில் பேசிக்கொண்டிருந்தார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஒரே வயரில் இரண்டு வளவுப் பேச்சு ஓடலாம். தேடாதவருக்கு மற்றது கண்ணில் படாது. நான் தேடாத வளவு ஒன்றே ஒன்றுதான். அப்போதும் கை தயங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தேனே. பிறகு என் கம்ப்யூட்டருக்கு எட்டாம் வளவில் ஒரு முகவரி போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒவ்வொரு கதவாகக் கூப்பிட்டேன்.

ஐந்தும் முதல் கூப்பாட்டிலேயே பதில் சொல்லின.

டப்பாவிலிருந்து ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒன்று பொட்டலம் போடும் அறைக்கு. ஒன்று கணக்குப் பிரிவுக்கு. ஒன்று அண்ணாச்சி அறைக்கு. ஒன்று, நான் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால். ஒன்று ஸ்டோர்ஸ் கூரைக்குள் ஏறிப் போனது. மிளகு மூட்டைமேல் ஏறி நின்று அந்தச் செவுட்டு மணியைத் திருகிக் கழற்றினேன். நடுவில் குன்றிமணி அளவு கண். பக்கத்தில் ஊசி நுழைகிற அளவு துளை, அது காது. அதற்கு நேர் கீழே எங்கள் பெஞ்சு. அப்போது அதில் யாரோ மிளகாய்ச் சாக்கைப் போட்டிருந்தார்கள்.

அண்ணாச்சிமேல் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் கேட்டது, "எங்கம்ம மேல சத்தியமா" என்ற குரல்தான்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டே அண்ணாச்சி அறைக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவன் நாலு பக்கமும் பார்க்கத்தான் செய்வான் என்றார். ஏன் எட்டாம் எண்ணில் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ அங்கன வரமாட்டேன்னு தெரியும்லா. சொன்ன சொல்ல மீறாத பிள்ள நீ," என்றார். பாராட்டுகிற குரல்தான் அது. அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

எட்டைப் பார்த்து அவர் பயந்தது நிஜமா, அதுவும் நாடகமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. எனக்குக் கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"அவ சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும். அவ வாய் தாங்காதுன்னு நான் சொன்னப்ப ஏன் அண்ணாச்சி சும்மா இருந்தீய?"

அவர் அந்த வெள்ளை வட்டத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"அது நீயாச் சொன்னதும்மா. நானா சொல்லச் சொன்னேன்?"

பக்கத்தில் இருப்பவர்களிடம் பார்த்துப் பேசு என்று அவர்தான் விதை போட்டார். தண்ணீர் ஊற்றி வளர்த்து, அவள் தலையில் முறித்துப் போட்டது நான். அதில் அவர் பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. என் வாயாலேயே எல்லாப் பொய்யையும் சொல்ல வைத்திருந்தார்.

என் இடத்துக்கு வந்து சுவரிலிருந்து திட்டத் தாளை எடுத்தேன். எட்டாம் கட்டத்தில் ஐந்து முகவரிகளையும், எது எந்த அறையில், யார் தலைக்கு மேலே இருக்கிறது என்பதையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். விடுபட்டதைச் சேர்ப்பது என் வேலை. அதை வருகை பதியும் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோரும் விரல் வைக்கிற இடத்தில் ஒட்டினேன். வேலையை விடுகிற கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து சுரண்டை பஸ்ஸில் ஏறினேன்.

சுரண்டைக் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் அவள் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மதிய நேரம். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, முழங்காலில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தை மாதம் போய்விட்டதாகச் சொன்னாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்தான், அவளை நான்தான் விலக்கி வைத்திருந்தேன்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து இருந்ததை, எட்டாம் வளவை, கூரையை. செவுட்டு மணி என்றதும் மட்டும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது அந்தச் செவுடு என்றாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். அண்ணாச்சி நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டார் என்றேன்.

அவள் பேனாவை மூடினாள்.

"அவரு ஏமாத்துனாரு, சரி. சுரண்டைக் கட உனக்கு இல்லன்னு சொல்லும்போது, உன் கூட்டுக்காரியே வேண்டாங்கான்னு சொல்லித்தான் அனுப்புனாரு. அதையும் நான் அன்னைக்கு நம்பல. நீ அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்னுதான் உன் மேசக்கி வந்தேன். ரெண்டு மட்டம் வந்தேன்."

அந்த இரண்டு முறையும் நினைவிருந்தது. ஒன்றில் அவள் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள்.

"பேசாத மெசினக்கூட மூணு மட்டம் கூப்பிட்டுப் பாப்ப. அதுக்கப்புறந்தான் குத்தம் சொல்லுவ. என்ன ஒரு மட்டம் கூப்பிட்டுப் பாத்தியாட்டி?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெண்டைக்காய் மூட்டையோடு ஒருவர் வந்து நின்றார், அவருக்குச் சீட்டு எழுதத் தொடங்கினாள். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வருகிறேன் என்றேன். ம் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தைப் பக்கமிருந்து வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் விசில் அடித்தார். ஏற்றிவிட அவள் வரவில்லை.